மில் முத்துக்குமாருவும் சீசரின் நெஞ்சும்

கோப்பாயில் முத்துக்குமாருவின் மில் எங்கே இருக்கிறதென்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. சந்தியில் இறங்கி ஒழுங்கையால் நடந்து போங்கள். எந்த இடத்தில் தும்மல் வருகிறதோ அந்த இடத்தில் நில்லுங்கள். அதுதான் மில். வறுத்த செத்தல் மிளகாயும் மல்லியும் மிளகும் பனையோலைக் கடகத்திலும் சொப்பிங் பையிலும் வந்து சேர்ந்து, கறித்தூளாகித் திரும்பிப் போகிற இடம். வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுகிற சனம் விசா கிடைத்த கையோடு முதலில் ஓடி வருவதும் அங்கேதான். தூள் இல்லாமல் யாழ்ப்பாணத்தான் விமானம் ஏறியதாகச் சரித்திரம் இல்லை.

அந்த மில்லுக்குள்ளேயே ஆயுளில் பாதியைக் கழித்த மனுசன் முத்துக்குமாரு. மோட்டர் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி, மெல்லக் கதைக்கிற வித்தையே அவருக்கு மறந்து போயிற்று. மனைவி கமலாவதியின் காதுக்குள் அவர் ஒரு ரகசியம் சொன்னால், பக்கத்து வளவுத் தம்பிராசா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பதில் சொல்லுவான். முத்துக்குமாரு பெரிய கோபக்காரர் என்று ஊரில் ஒரு பேர். பச்சைப் பொய். அவர் "தேத்தண்ணி தா" என்று கேட்பதே சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே மகள், சுபாஜினி. அவள் கம்பஸில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் துணிப்பைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தாள். திறந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒரு நாய்க்குட்டி. பொமரேனியன் கலப்பாம்.

"உதென்ன, நாயோ பூனையோ?" என்று முத்துக்குமாரு சத்தம் போட்டார். "கள்ளன் வந்தால் முதல் உந்த நாயைத்தானே கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு போவான்!"

சுபாஜினி அசையவில்லை. அதற்குச் சீசர் என்று பேரும் வைத்துவிட்டாள். முழங்கால் உயரம் இல்லாததுக்குச் சீசர்! கொஞ்சக் காலத்தில் அவளை லண்டனில் இருந்த ஜெயசுதனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டியில் ஏறும்போது அழுதுகொண்டே, "அப்பா, இவனைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று நாயை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நாயை எப்படிப் பிடிப்பதென்றே தெரியாமல் ஒரு பப்பாசிப்பழத்தைப் பிடிப்பது போல அவர் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு நடந்ததுதான் பகிடி. மகள் போன வீட்டில் அந்த மனுசனும் அந்த நாயும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மில்லில் அவர் இருக்கிற கதிரைக்குப் பக்கத்தில் சீசருக்கும் ஒரு கதிரை. மோட்டார் சைக்கிளில் போனால் முன்னுக்குச் சீசர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் "எங்கடையாள் தனிய நிக்கிறான்" என்று சொல்லிச் சாப்பிட்ட கையோடு ஓடி வந்துவிடுவார்.

"பெத்த பிள்ளையை ஒருநாள் உப்பிடித் தூக்கிக்கொண்டு திரிஞ்சியளோ?" என்று கமலாவதி கேட்பாள்.

"பிள்ளைக்குக் கால் இருந்ததெல்லே" என்பார் அவர். சீசருக்கு நாலு கால் இருப்பதை அவருக்கு யார் எடுத்துச் சொல்வது?

போன வருசத்துக்கு முதல் வருசம், வயசு போன சீசர் இருமத் தொடங்கினான். முதலில் விட்டு விட்டு; பிறகு தொண்டையில் முள் கொழுவினது போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு. முத்துக்குமாருவுக்குக் காரணம் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. மில்லுக்கு வருகிறவன் எல்லாரும் இருமுகிறான், நாய் இருமாமல் என்ன செய்யும்? மிளகாய்தான், வேறென்ன! கதிரையைப் பின்வாசல் பக்கம் தள்ளிப் போட்டார். மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தார். பழைய வேட்டியைக் கிழித்து நாயின் மூக்குக்குக் கட்டிப் பார்த்தார். அதைச் சீசர் தின்றுவிட்டான். ஒன்றுக்கும் சரிவரவில்லை என்று கண்டதும் ஒரு நாள் காலை மில் வாசலில் பலகை ஒன்று தொங்கியது: "இங்கு மிளகாய் அரைக்கப்படமாட்டாது."

அன்றைக்குக் கோப்பாய் பட்ட பாடு! வறுத்த மிளகாயோடு வந்த பெண்டுகள் வாசலில் நின்று பேசின பேச்சை இங்கே எழுத ஏலாது. கனடாவுக்குப் போக இருந்த ஒரு மனுசி அழுதே விட்டாள். தம்பிராசா வேலியால் எட்டிப் பார்த்து, "முத்தண்ணை, தேத்தண்ணிக் கடையிலை தேத்தண்ணி இல்லையெண்டு போட்டு வைச்ச மாதிரியெல்லே கிடக்கு!" என்றான்.

"என்ரை மில், என்ரை விருப்பம். உரும்பிராயிலை போய் அரையுங்கோ!" என்று முத்துக்குமாரு கத்தினார்.

ஆட்கள் உரும்பிராய்க்குப் போனார்கள். மில்லில் அரிசிமாவும் உழுத்தம்மாவும் மட்டும் வெள்ளையாகப் பறந்தன. காற்றில் உறைப்பே இல்லை. சீசரின் இருமல் மட்டும் நிற்கவில்லை.

பிறகு ஒரு நாள் பின்வளவில் கீரியைக் கண்டு துரத்திக்கொண்டு ஓடினவன், வாழைப் பாத்திக்குப் பக்கத்தில் அப்படியே பக்கவாட்டில் விழுந்தான். நாக்கு நீலம் பாரித்துப் போயிருந்தது. முத்துக்குமாரு அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பும் போடாமல் மிருக வைத்தியரிடம் ஓடினார்.

வைத்தியர் பிரணவன் இளம் பொடியன், பொறுமைசாலி. குழாயை நாயின் நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டான்.

"இருமல் எப்ப துவங்கினது ஐயா?"

"அது... ஒரு வருசத்துக்கு மேலை."

"ஏன் அப்பவே கொண்டு வரேல்லை?"

"மிளகாய் எண்டு நினைச்சன், டொக்டர்."

பிரணவன் சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவன் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருக்கச் சொன்னான்.

"ஐயா, கிணத்திலை தண்ணி இறைக்கிற மோட்டர் இருக்கெல்லே. கிணத்துக்குள்ளை விடுற குழாயின்ரை அடியிலை ஒரு வால்வு இருக்கும். அது பழுதானால் என்ன நடக்கும்?"

"ஏத்தின தண்ணி திரும்பக் கிணத்துக்கை இறங்கிவிடும்."

"இவன்ரை நெஞ்சிலையும் அதுதான் நடக்குது. உப்பிடிச் சின்ன நாய்களுக்கு வயசு போகப் போக வாற வருத்தம் இது. வால்வின்ரை இதழ் தடிச்சு, வடிவாய் மூடுதில்லை. முன்னுக்குத் தள்ளுற ரத்தம் பின்னுக்கு ஒழுகுது. அதாலை இருதயம் வீங்கி மூச்சுக்குழாயை அமத்துது. அதுதான் இருமல்."

முத்துக்குமாருவுக்கு அந்த நேரம் நாயின் வருத்தத்தை விடத் தன் மூளையின் வருத்தம்தான் பெரிதாகப் பட்டது. ஒரு வருசம்! ஒரு வருசமாக மனுசன் மிளகாயோடு சண்டை பிடித்திருக்கிறார்.

"வாஷரை மாத்தலாம், வால்வை மாத்தலாம். நானே எத்தினை தரம் மாத்தியிருக்கிறன்" என்றார்.

"இஞ்சை அந்த வசதி இல்லை ஐயா. வெளியிலை சில இடங்களிலை ஒபரேசன் செய்து திருத்தினம். நாங்கள் குளிசை தரலாம். அது கொஞ்சக் காலம் தாங்கும். திருத்தாது."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பலகையைக் கழற்றி அடுப்புக்குள் வைத்தார். அடுத்த நாள் மிளகாய் அரைபட்டது. சனத்துக்குச் சந்தோசம். அவர் மட்டும் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று கமலாவதியிடம் கண்டிப்பாகச் சொன்னார். ஆகவே கமலாவதி அன்றைக்குப் பின்னேரமே மகளுக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டாள். அதிலே ஒரு பொருத்தம் பாருங்கள்: லண்டனில் சுபாஜினிக்கு வேலை ஒரு மிருக ஆஸ்பத்திரியில். வருகிற ஆட்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற மேசையில் இருந்தாள். அதே ஆஸ்பத்திரியில்தான் அந்த ஒபரேசனும் நடக்கிறது.

"அப்பா, நான் வந்து கொண்டு போறன்" என்றாள் போனில். "செலவைப் பற்றி ஒரு சொல்லுக் கதைச்சியளோ, போனை வைச்சிடுவன். எல்லாம் நானும் ஜெயசுதனும் கதைச்சு முடிச்சிட்டம். நீங்கள் ஓம் எண்டால் சரி. அவன் உங்களோடை வளந்தவன். நீங்கள்தான் சொல்லோணும்."

"ஒபரேசன் பிழையாய்ப் போனால்?"

மகள் பொய் சொல்லுகிற பிள்ளை இல்லை. "பிழையாய்ப் போகவும் கூடும் அப்பா. நெஞ்சை நிப்பாட்டிப் போட்டுத்தான் செய்யிறது. எல்லாரும் எழும்பிறதில்லை."

"அப்ப வேண்டாம்! அவன் சாகிறதெண்டால் என்ரை மடியிலை சாகட்டும். முகம் தெரியாத ஊரிலை, கத்தியோடை நிக்கிற ஆக்களுக்கு நடுவிலை அவன் ஏன் சாகோணும்?"

சுபாஜினி மெல்லக் கேட்டாள்: "உந்தக் கதையை அவனுக்காகச் சொல்லுறியளோ, உங்களுக்காகச் சொல்லுறியளோ?"

முத்துக்குமாரு போனைக் கட் பண்ணினார். கமலாவதி அன்றைக்கு முழுக்க அவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கிழமை சீசர் படுப்பதை விட்டுவிட்டான். படுத்தால் மூச்சு முட்டும் போல. முன்னங்கால் இரண்டையும் அகட்டி ஊன்றிக்கொண்டு இருந்தபடியே நித்திரை கொள்வான். தலை தூங்கித் தூங்கி விழும், திடுக்கிட்டு நிமிர்வான், திரும்பத் தூங்குவான். ஒரு மத்தியானம் மில்லைப் பூட்டிப் போட்டு வந்த முத்துக்குமாரு, விறாந்தை நிலத்தில் அவனுக்கு எதிரே குந்தியிருந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. மூச்சு விடவே கஷ்டப்பட்டுக் கிடக்கிறது, அதுக்குள் வால் ஆட்டமும் கேட்குதாம்! மடியில் சாகட்டும் என்றது யாருக்காக என்று அப்போது அவருக்கே விளங்கியது. எழும்பிப் போய்ப் போனை எடுத்தார்.

"பிள்ளை, வந்து கூட்டிக்கொண்டு போ" என்றார்.

நினைத்தவுடன் ஏற்றி அனுப்ப நாய் என்ன கறித்தூளா? விசர் நாய்க்கடிக்கு ஊசி, அந்த ஊசி உடம்பில் பிடித்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. பிரணவனின் குளிசைகள்தான் அந்த மாதங்களைத் தாங்கின. சீசருக்கு உப்பு ஆகாது என்றதும் கமலாவதி தனிச் சட்டியில் கோழி அவித்தாள். குளிசையை அதற்குள் ஒளித்து ஊட்டுவது முத்துக்குமாரு. நாய் கோழியைத் தின்றுவிட்டுக் குளிசையை அவர் கையிலேயே திருப்பி வைக்கும். அவர் கும்பிட்டு மன்றாடித் திரும்பக் கொடுப்பார். ஊரை அதட்டுகிற மனுசன், வீட்டுக்குள் ஒரு நாயிடம், "என்ரை ராசாவெல்லே, விழுங்கு மோனை" என்று கெஞ்சுவதைத் தம்பிராசா வேலியால் கேட்டு ரசிப்பான்.

சுபாஜினி வந்தாள். கல்யாணம் கட்டிப் போனதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். படலைக்குள் கால் வைத்ததும் பயணப்பையைப் போட்டுவிட்டு நிலத்தில் இருந்து நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். சீசர் அவளை மறக்கவில்லை. இருமி இருமி அவள் முகத்தை நக்கினான். பக்கத்தில் நின்ற முத்துக்குமாருவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

போகிறதுக்கு முதல் நாள் அவள் கேட்டாள்: "நீங்களும் வாங்கோவன் அப்பா. அம்மா ஒருக்கா வந்து நிண்டுட்டுப் போனவ. நீங்கள் ஒருக்காலும் வரேல்லை."

"மில்லை ஆர் பாக்கிறது? கோப்பாயிலை இருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போறதே எனக்கு வெளிநாடு. அந்தக் குளிருக்கை நான் வந்து என்ன செய்ய?"

போனில் வழக்கமாகச் சொல்லுகிற பதில்தான். சுபாஜினி மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உடுப்பு அடுக்கப் போனாள்.

வான் வந்தது. கூட்டுக்குள் சீசரை ஏற்றினார்கள். எங்கள் பக்கத்தில் பயணம் போகிறவரிடம் "போ" என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பயம்; போய்விட்டுத் திரும்பி வா என்றுதான் சொல்வார்கள். முத்துக்குமாரு கூட்டின் கம்பிக்குள் விரலை விட்டு, "போட்டு வா, மோனை. போட்டு வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வான் ஒழுங்கை முடக்கில் திரும்பின பிறகும் சொன்னார்.

ஒபரேசன் நாளன்று அவர் மில்லைப் போடவில்லை. மோட்டர் ஓடினால் போன் கேட்காதே. விசயம் தெரியாமல் அரிசியோடு வந்தவர்களும், விசயம் தெரிந்து வந்தவர்களுமாக மில் நிறைந்துவிட்டது, சாக்குகளில் குந்தியிருந்தார்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்பதை மகள் விளங்கப்படுத்தியிருந்தாள், அவர் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். நெஞ்சை நிப்பாட்டி வைத்துவிட்டு, ரத்தத்தை வெளியிலே ஒரு மெசினால் ஓட விடுவார்கள். வால்வின் இதழைப் பிடித்திருக்கிற நரம்புக் கயிறுகள் அறுந்தும் தொய்ந்தும் போயிருக்கும். அதற்குப் பதிலாகத் தலைமயிரைப் போல மெல்லிசான நூலைக் கோத்துக் கட்டுவார்கள். அகண்டு போன வால்வு வாயைச் சுற்றித் தைத்து ஒடுக்குவார்கள். அதுக்குப் பிறகு நெஞ்சைத் திரும்ப ஓட விடுவார்கள்.

"ரத்தம் போதாமல் வந்தால்?" என்று தம்பிராசா கேட்டான்.

"அங்கத்தை நாய்களின்ரை ரத்தம் எடுத்து வைச்சிருக்கினமாம்."

"அப்ப சரி. இனி இவன் இங்கிலிஸிலைதான் குலைப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். முத்துக்குமாருவும் சிரித்தார். ஆனால் அவர் மோட்டரோடு சீவித்த ஆள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பழைய மோட்டரை நிப்பாட்டினால், பிறகு அது எழும்புமோ எழும்பாதோ என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு இடத்தில்தான் அவருக்குப் பயம். கமலாவதி செல்வச்சந்நிதி முருகனுக்கு ஒரு சாக்கு அரிசி அன்னதானத்துக்கு நேர்ந்திருப்பதாகச் சொன்னாள்.

"நாய்க்கும் நேர்த்தியே?" என்று அவர் சீறினார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு சாக்கெண்டு சொல்லு" என்றார்.

பின்னேரம் போன் அடித்தது. எடுத்தார். அந்தப் பக்கம் சுபாஜினி அழுகிற சத்தம் மட்டும் வந்தது, சொல் வரவில்லை. முத்துக்குமாரு போனைக் கமலாவதியிடம் நீட்டினார். கமலாவதி காதில் வைத்துக் கேட்டாள், கேட்டாள், திடீரென்று கத்தினாள்.

"அடிக்குதாம்! நெஞ்சு தானாய் அடிக்குதாம்! ஒழுக்கு நிண்டிட்டுதாம்! அவள் சந்தோசத்திலையெல்லே அழுறாள்!"

முத்துக்குமாரு மாச்சாக்கில் தொப்பென்று இருந்து, சின்னப்பிள்ளை மாதிரி விம்மி அழுதார். வெட்கமா? ஒரு துளியும் இல்லை. தம்பிராசா போய் எல்லாருக்கும் சோடா வாங்கி வந்தான்.

அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை நல்ல செய்திதான். இருமல் போய்விட்டது. உடம்பில் நீர் கட்டாமல் இருக்கக் கொடுத்த தண்ணிக் குளிசையும் நிறுத்தியாயிற்று. சீசர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவில் ஓடுகிற வீடியோ வரும். அதை முத்துக்குமாரு மில்லுக்கு வருகிற எல்லாருக்கும் காட்டுவார். பார்க்காதவருக்கு மா கிடையாது. ஒவ்வொரு முறையும் மகளிடம் ஒரே கேள்வி: "எப்ப கொண்டு வாறாய்?" அவளும் ஒவ்வொரு முறையும், "இன்னும் ஒரு ஸ்கான் இருக்கு", "டொக்டர் லீவிலை" என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குப் பொறுமை போய்விட்டது. "நேரை சொல்லு பிள்ளை. அவனுக்குப் பிளேனிலை வர ஏலாதாமோ?"

"ஏலும் அப்பா. பறக்கலாம் எண்டு டொக்டர் எப்பவோ சொல்லிட்டார்."

"அப்ப?"

"நான்தான் அனுப்பேல்லை. அனுப்பவும் மாட்டன்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?" முத்துக்குமாருவின் சத்தத்தில் முற்றத்துக் காகம் எழும்பிப் பறந்தது. "அவன் என்ரை நாய்!"

"ஓம், உங்கடை நாய்தான்." சுபாஜினி அழத் தொடங்கினாள். "அப்ப நான் ஆரின்ரை பிள்ளை, அப்பா?"

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நான் இஞ்சை வந்த நாள் தொட்டு வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிடுறன். மில், குளிர், ரவுண் எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டியள். எனக்காக ஒருக்கா வரேல்லை. சீசர் இஞ்சை நிண்டால் எண்டாலும் வருவியள்தானே? அதுதான் வைச்சிருக்கிறன்."

முத்துக்குமாரு போனைப் பிடித்தபடி நின்றார். பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை, நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி நான் எதற்கு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். தன்னைக் காண அவள் ஏங்கிக்கொண்டிருப்பாள் என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் போயிருப்பார். சத்தியமாகப் போயிருப்பார். அந்த வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஆனால் அதற்குள்ளே, தன்னை ஒருவர் இவ்வளவு தேடுகிறார் என்ற சந்தோசமும் பொங்கியது.

"அழாதை மோனை" என்றார். அவர் மெல்லக் கதைத்ததைக் கமலாவதி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். "வாறன். அப்பா வாறன்."

திங்கட்கிழமை காலை மினுக்கின வெள்ளைச் சேட்டும், எண்ணெய் வைத்து இழுத்த தலையுமாக முத்துக்குமாரு படலையைத் திறந்துகொண்டு வெளிக்கிட்டார். தம்பிராசா வேலிக்கு மேலால் தலையை நீட்டினான்.

"என்ன முத்தண்ணை, மாப்பிள்ளைக் கோலம்?"

"பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க. லண்டனுக்குப் போறன்."

"அடேயப்பா! நாயைப் பாக்கவோ?"

"இல்லையடா" என்றார் முத்துக்குமாரு. "பிள்ளையைப் பாக்க. நாயும் அங்கைதான் நிக்குது."